ஈயம் வகுத்த எல்லை: கேம்பர்வேன் பேட்டரியின் வரலாறு

உறங்கவும் சமைக்கவும் உள்ளே இடவசதி செய்யப்பட்ட வேன்கள் ஐரோப்பாவில் கேம்பர்வேன் எனப்படுகின்றன. அத்தகைய வண்டியில் பொதுவாக இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கும் சாலை விளக்குகளுக்கும் உரியது, மற்றொன்று வண்டி நின்றபின் உள்ளே தங்குவோருக்கு விளக்கும் தண்ணீர்ப் பம்பும் குளிர்பதனப் பெட்டியும் இயங்குவதற்கு உரியது. இந்த இரண்டாவதைப் பிரிட்டனில் லெஷர் பேட்டரி என்று சொல்லிக் கடைகளில் வாங்குகிறார்கள். ஈயமும் அமிலமும் கொண்ட அந்தப் பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் பேட்டரியைப் பொருத்துவது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அங்கு பரவலான வழக்கமாகிவிட்டது. ஒரு பெட்டியை எடுத்து மற்றொரு பெட்டியை வைக்கும் சிறு வேலையாக இது தோன்றலாம். ஆயினும் நகரும் வீட்டின் அடுப்பு, விளக்கு, குளிர்பதனப் பெட்டி, பயண வழக்கம் ஆகிய அனைத்தும் பல பத்தாண்டுகளாக ஈயப் பேட்டரியின் குறைகளுக்கு இடங்கொடுத்தே அமைந்துவந்தன என்பதை அறிந்தால்தான், அந்தப் பேட்டரி நீங்கும்போது அதனோடு ஏன் இத்தனை உறுப்புகள் மாற வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

ஈயப் பேட்டரியின் கதை 1859இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கஸ்தோன் பிளாந்தேயிடம் தொடங்குகிறது. இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி இடையே ரப்பர்ப் பட்டை வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி அவர் மின்சாரம் செலுத்தியபோது, ஒரு தகட்டின் மேற்பரப்பு ஈய டையாக்சைடாக மாறியது. பின்னர் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தபோது, இரண்டு தகடுகளும் ஈயச் சல்பேட்டாக மாறிக்கொண்டே, தாம் வாங்கிய மின்சாரத்தைத் திருப்பித் தந்தன. தீர்ந்தபின் வீசிவிட வேண்டியிராமல் மறுபடியும் மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க முதல் பேட்டரி அதுவே. தகடுகளைப் பக்குவப்படுத்துவதற்கு நெடுங்காலம் மின்னேற்றியும் இறக்கியும் வர வேண்டியிருந்ததால் அது ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. 1881இல் கமில் ஃபோர் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர் ஈய ஆக்சைடைக் களிம்பாகக் குழைத்துத் தகட்டின்மேல் பூசும் முறையைக் கண்டபிறகே ஈயப் பேட்டரி தொழிற்சாலைப் பண்டமாயிற்று. அதே ஆண்டில் பாரிஸிலிருந்து ஃபோரின் கலங்கள் அடங்கிய மரப்பெட்டியொன்று கிளாஸ்கோவில் இருந்த சர் வில்லியம் தாம்சனிடம் கொண்டுசெல்லப்பட்டது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற அவர், சுமார் 34 கிலோ எடையுள்ள அப்பெட்டியில் பத்து லட்சம் அடி-பவுண்டு ஆற்றல் தங்கியிருப்பதாக அறிவித்தபோது இங்கிலாந்தின் செய்தித்தாள் வாசகர்கள் வியந்தனர். ஒரு வாட் திறனை ஒரு மணிநேரம் செலவிடுவது ஒரு வாட்-மணி என்னும் இன்றைய கணக்கில் அது 380 வாட்-மணிக்குச் சற்றுக் குறைவு. இன்று கேம்பர்வேனில் வைக்கப்படும் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி சுமார் 12 கிலோ எடையில் 1,280 வாட்-மணியைத் தாங்குகிறது என்பதோடு ஒப்பிட்டால், கிலோவுக்குக் கிலோ வேறுபாடு ஏறத்தாழ பத்து மடங்கு.

தாம்சன் அந்தப் பெட்டியைச் சோதித்து நான்காண்டுகள் கழித்து, பிரிட்டிஷ் கடற்படையின் ஓய்வுபெற்ற மருத்துவரும் சிறுவர் கதைகளை எழுதிக் குவித்தவருமான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டல் வண்டிப் பட்டறையில் தமக்கென ஒரு வீட்டுவண்டியைச் செய்வித்து, ‘வாண்டரர்’ எனப் பெயரிட்டு, இரண்டு குதிரைகளைப் பூட்டி இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் வடபகுதிவரை பயணம் செய்தார். பிழைப்புக்காக அல்லாமல் இன்பத்துக்காகவே வண்டியில் வாழும் வழக்கம் பிரிட்டனில் இவரிடமிருந்து தொடங்குவதாகவே கேரவன் வரலாறுகள் கூறுகின்றன. 1907இல் அந்நாட்டின் கேரவன் சங்கம் நிறுவப்பட்டபோது அதன் துணைத்தலைவர்களுள் ஒருவராகவும் அவர் விளங்கினார். அவருடைய வண்டியில் உயர்ந்த மரவேலைப்பாடும் நூல் அடுக்கும் இருந்தன, மின்சாரம் இல்லை. சேமித்த மின்சாரம் அப்போதே கைக்கு எட்டும் பொருளாயிருந்தும், அதன் எடையைக் குதிரைகள் இழுக்க வேண்டியிருந்ததும், தீர்ந்ததை நிரப்ப வழியில் எந்த ஊரிலும் வசதியில்லாததும் அதனை வீட்டுவண்டியிலிருந்து விலக்கிவைத்தன. எடை, நிரப்பும் வழி என்னும் இந்த இரண்டு தடைகளும் அடுத்த நூறாண்டு முழுவதும் வெவ்வேறு உருவில் தொடர்ந்தன.

மோட்டார் வண்டி பெருகியபோது ஈயப் பேட்டரியும் அதனோடு பெருகியது. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றபின், கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லை படிப்படியாக ஒழிந்து, ஒவ்வொரு காரும் ஒரு பேட்டரியைச் சுமக்கத் தொடங்கியது. ஸ்டார்ட்டருக்கு வேண்டியது சில நொடிகளுக்குச் சில நூறு ஆம்பியர் மட்டுமே என்பதால், அதற்கான பேட்டரியில் மெல்லிய தகடுகளைப் பல எண்ணிக்கையில் அடுக்கினார்கள். அது எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும், சிறிதளவே செலவாக வேண்டும், செலவானது உடனே நிரப்பப்பட வேண்டும். உலகெங்கும் மலிவாகக் கிடைத்த பேட்டரி இந்த ஒரே பணிக்கென வார்க்கப்பட்டதாயிருந்தமையால், வேறு பணிக்கு மின்சாரம் வேண்டியவர்களும் இதையே எடுத்தாள நேர்ந்தது. வீட்டுவண்டியின் மின்சாரம் தொடக்கம் முதலே இரவல் வாங்கிய மின்சாரமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அந்த இரவலை நம்பியிராமல் கேரவன்காரர்கள் வாழக் கற்றுக்கொண்டது எரிவாயுவின் துணையால். பர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனம் 1919 முதல் காரின் பின்னால் இழுத்துச்செல்லும் கேரவன்களைக் கட்டி விற்றது. 1930களின் நடுவில் பிரிட்டனில் பியூட்டேன் வாயு உருளைகளில் அடைத்து விற்கப்படலானபோது, சமையலும் விளக்கும் ஒரே உருளையிலிருந்து நடந்தன. இதனினும் வியப்புக்குரியது குளிர்பதனப் பெட்டி. ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களாயிருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவரும் 1922இல் உருவாக்கிய உறிஞ்சுவகைக் குளிர்பதனப் பெட்டியில் மோட்டாரும் இல்லை, அசையும் உறுப்பும் இல்லை. சிறு சுடரொன்று அம்மோனியாக் கரைசலைச் சூடாக்க, பிரிந்த அம்மோனியா சுற்றிவந்து ஆவியாகும்போது பெட்டியின் உட்புறம் குளிர்கிறது. எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1925 முதல் விற்ற இந்தப் பெட்டி, பின்னாளில் கேரவன்களிலும் கேம்பர்வேன்களிலும் நீங்கா இடம்பெற்றது. வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலும் அது சரியாகக் குளிராது என்பதால், நிறுத்தியவுடன் சக்கரத்தின் கீழ்ச் சரிவுக்கட்டை வைத்து வண்டியை மட்டம் பார்ப்பது முகாம் வாழ்வின் முதற்கடனாயிற்று. அன்றைய ஈயப் பேட்டரியால் குளிர்பதனப் பெட்டியை ஓரிரவுகூட இயக்க முடியாமையே இந்த ஏற்பாடு முழுவதற்கும் அடிப்படை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் எஞ்சினும் வீடும் ஒரே உடலில் சேர்ந்தன. வோல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் இரண்டாம் வகை வேன் 1950இல் உற்பத்திக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் வீடன்புரூக் நகரில் இருந்த வெஸ்ட்ஃபாலியா நிறுவனம், அவ்வேனுக்குள் வைத்து எடுக்கத்தக்க படுக்கை, அலமாரி, அடுப்பு ஆகியவற்றை ஒரே தொகுப்பாகச் செய்து விற்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் ஃபோக்ஸ்டன் நகரின் மார்ட்டின் வால்டர் நிறுவனம் பெட்ஃபோர்டு வேன்களின் கூரையை வெட்டித் துணிச்சுவரோடு மேலெழும் கூரை பொருத்தி, ‘டோர்மொபைல்’ என்ற பெயரை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக்கியது. 1956இல் சிட்மவுத்தில் தொடங்கிய டெவன் நிறுவனம் வோல்க்ஸ்வாகன் வேன்களை மரவேலையால் அழகுபடுத்தியது. இவ்வண்டிகளின் உள்ளே மின்சாரத்தின் பங்கு மிகச் சிறியது. வோல்க்ஸ்வாகன் வேன் 1966வரை 6 வோல்ட் மின்னமைப்பிலேயே ஓடியது; கூரையில் ஒரு சிறு விளக்கு எரிந்தால் போதும், தண்ணீரைக் கையால் அடித்துக்கொள்ளலாம் என்பதே அக்கால எதிர்பார்ப்பு. விளக்கை அணைக்க மறந்து உறங்கியவர் காலையில் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். இந்த அச்சமே இரண்டாம் பேட்டரியைப் பெற்றெடுத்தது.

எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்தபோது இரண்டாம் பேட்டரி நடைமுறைக்கு வந்தது. டைனமோ, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது மிகக் குறைந்த மின்சாரமே தரும். 1960களில் கார்களில் பரவிய ஆல்டர்னேட்டரோ குறைந்த வேகத்திலும் கூடுதலாகத் தந்ததால், ஒரே ஓட்டத்தில் இரண்டு பேட்டரிகளை நிரப்புவது இயலுவதாயிற்று. எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரிகளையும் இணைத்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே என்னும் மின்காந்தச் சாவி இடையே அமர்த்தப்பட்டது. உள்ளே விளக்கு எரிந்து இரண்டாம் பேட்டரி முழுவதும் இறங்கிப்போனாலும் எஞ்சினுக்குரிய பேட்டரி காப்பாற்றப்படும். இந்த எளிய ரிலே ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கேம்பர்வேன் மின்னமைப்பின் நடுநாயகமாக இருந்தது.

ஆயினும் அந்த இரண்டாம் பேட்டரி அனுபவித்த வாழ்க்கை, ஈயத்தின் இயல்புக்கு முற்றிலும் எதிரானது. ஈயப் பேட்டரியில் மின்னிறக்கத்தின்போது உருவாகும் ஈயச் சல்பேட்டு உடனே மின்னேற்றினால் கரைந்துவிடும். சில நாள், சில வாரம் அப்படியே விட்டால் கெட்டிப் படிகமாக இறுகித் தகட்டை அடைத்துவிடும். பேட்டரியின் கொள்ளளவில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால், 100 ஆம்பியர்-மணி என்று முத்திரையிடப்பட்ட பேட்டரியில் கவலையின்றி எடுக்கத்தக்கது 50 மட்டுமே. அந்த 100 என்னும் கணக்கும்கூட 20 மணிநேரம் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் மொத்த அளவே சுருங்கிவிடும் என்பதை ஜெர்மானியரான பாய்கெர்ட் 1897இலேயே ஒரு விதியாக எழுதிவைத்திருந்தார். எல்லாவற்றினும் கொடியது நிரப்புவதில் உள்ள தாமதம். முக்கால் பங்குக்குமேல் நிறைந்தபின் ஈயப் பேட்டரி வாங்கும் மின்சாரம் படிப்படியாகக் குறைந்து, எஞ்சியதை நிரப்பப் பல மணிநேரம் ஆகும். ஒரு முகாம் திடலிலிருந்து அடுத்ததற்கு ஒரு மணிநேரம் ஓட்டிச்செல்லும் குடும்பத்தின் பேட்டரி அதனால் கோடை முழுவதும் ஒருநாளும் நிறைவதில்லை. அரைகுறையாக நிரம்பி அரைகுறையாக இறங்கும் இந்த வாழ்வில் ஈயம் சில ஆண்டுகளில் செத்துப்போவது பேட்டரியின் தரக்குறைவால் மட்டுமன்று, அதனிடம் கேட்கப்பட்ட பணியே அதற்கு ஒவ்வாதது என்பதால்தான்.

இதைச் சரிசெய்ய ஈயத்துக்குள்ளேயே முயற்சிகள் நடந்தன. தடித்த தகடுகள் கொண்ட பேட்டரிகள் வந்தன. 1957இல் ஜெர்மனியின் சோனன்ஷைன் நிறுவனத்தில் ஓட்டோ யாகே அமிலத்தைக் கூழாக உறையவைத்த பேட்டரியை உருவாக்கினார். 1970களில் கண்ணாடி இழைப் பஞ்சில் அமிலத்தை ஊறவைத்த வகை அமெரிக்காவில் தோன்றியது. இவற்றில் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, அமிலம் சிந்துவதில்லை. சல்பேட்டின் தொல்லையும் நிரப்பும் தாமதமும் மட்டும் தீரவில்லை. முகாம் திடல்களில் 230 வோல்ட் இணைப்புக் கம்பங்கள் நடப்பட்டபோது பெரும்பாலோர் அந்தக் கம்பத்தைச் சார்ந்தே பயணத் திட்டம் வகுக்கலாயினர். பேட்டரியின் பலவீனம் வண்டிகளைத் திடல்களுக்குள் கட்டிப்போட்டது என்று கூறுவது மிகையாகாது.

விடை வந்தது வீட்டுவண்டிகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆய்வுக்கூடங்களிலிருந்து. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம், அடுக்கடுக்கான படிகங்களின் இடுக்குகளில் லித்தியம் அயனிகளைப் புகுத்தியும் வெளியேற்றியும் மின்சாரத்தைச் சேமிக்கலாம் என்று காட்டினார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்எனஃப் கோபால்ட் ஆக்சைடைக்கொண்டு அதன் மின்னழுத்தத்தை உயர்த்தினார். 1985இல் அகிரா யோஷினோ ஆபத்தான லித்தியம் உலோகத்தை நீக்கிக் கார்பன் முனையை அமைத்தார். 1991இல் சோனி நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் உகந்த இந்தக் கோபால்ட் வகை, அளவுமீறிச் சூடேறினால் தன் படிகத்திலிருந்தே ஆக்சிஜனை வெளியிட்டுத் தீயை வளர்க்கும். உறங்குபவரின் கட்டிலுக்கடியில் வைக்கத்தக்கதன்று.

கட்டிலுக்கடியில் வைக்கத்தக்க லித்தியத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டவர் ஒருவரின் உழைப்பு அடித்தளமாக அமைந்திருப்பதைத் தமிழ் வாசகர் அவசியம் அறிய வேண்டும். தமிழ்நாட்டின் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் வேதியியல் பயின்ற ஆறுமுகம் மந்திரம், 1985இல் ஆக்ஸ்ஃபோர்டில் குட்எனஃபிடம் ஆய்வில் சேர்ந்து, அடுத்த ஆண்டு அவரோடு டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். வெறும் ஆக்சைடுகளுக்குப் பதிலாக, சல்பேட்டு, மாலிப்டேட்டு போன்ற அயனித் தொகுதிகளோடு இரும்பைச் சேர்த்த சேர்மங்களை இருவரும் ஆராய்ந்தனர். அத்தொகுதியின் நடுவே கந்தகம் போன்ற அணு ஆக்சிஜனை இறுகப் பற்றியிருக்கும்போது, மலிவான இரும்பும் உயர்ந்த மின்னழுத்தம் தரும் என்பதை 1987, 1989ஆம் ஆண்டுகளின் கட்டுரைகளில் நிறுவினர். அந்த வழியைத் தொடர்ந்தே, அதே ஆய்வுக்குழுவில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி ஆகியோர் குட்எனஃபுடன் சேர்ந்து லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் பண்பை 1997இல் வெளியிட்டனர். பாஸ்பரஸ் ஆக்சிஜனை எளிதில் விடாது என்பதால் இச்சேர்மம் சூடேறினாலும் தீக்கு ஆக்சிஜன் ஊட்டுவதில்லை. 97 வயதில் நோபல் பெற்ற குட்எனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் பரிசுரையை வழங்கியவர் மந்திரமே என்பது அவருடைய பங்கின் அளவைக் காட்டும்.

புதிய சேர்மம் மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தியதால் தொடக்கத்தில் அதன்மேல் நம்பிக்கை குறைவாகவே இருந்தது. துகள்களை மிக நுண்ணியதாக்கி அவற்றின்மேல் கார்பன் பூசும் முறை கனடாவின் ஆய்வாளர்களால் வளர்க்கப்பட்டபின் அக்குறை நீங்கியது. 2001இல் அமெரிக்காவில் தோன்றிய ஏ123 நிறுவனம் இதைத் தொழிலாக்க முயன்று 2012இல் திவாலாயிற்று. பெருமளவில் செய்துகாட்டியவை சீனத் தொழிற்சாலைகள். மின்பேருந்துகளுக்கென அங்கே குவிந்த உற்பத்தியால் லித்தியம் பேட்டரிகளின் பொதுவிலை, 2010இல் கிலோவாட்-மணிக்கு 1,000 டாலரைத் தாண்டியிருந்து, 2024இல் 115 டாலரளவுக்கு இறங்கியது. இந்த வீழ்ச்சியின் ஓரத்தில்தான் கேம்பர்வேன்காரரின் வாய்ப்பும் பிறந்தது. ஈயக் கலம் 2 வோல்ட் தருவதால் 12 வோல்ட் பேட்டரிக்கு ஆறு கலங்கள் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக் கலம் 3.2 வோல்ட் தருவதால் நான்கு சேர்ந்தால் 12.8 வோல்ட். பழைய விளக்கும் பம்பும் மாற்றமின்றி இயங்குவதற்கு ஏற்ற இந்தப் பொருத்தம் தற்செயலாக அமைந்த பேறு. கோபால்ட் வகைக்கு இது வாய்க்கவில்லை.

பிரிட்டனில் எடைச் சட்டமும் அதே திசையில் தள்ளியது. 1997 ஜனவரி முதல் தேதி அன்றோ அதன்பின்னோ ஓட்டுநர் தேர்வில் வென்றவர்கள் பொதுவாக 3,500 கிலோ வரையிலான வண்டியையே ஓட்டலாம் என்பதால், தண்ணீரும் துணியும் மிதிவண்டியும் ஏற்றியபின் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வந்தது. 100 ஆம்பியர்-மணி உண்மையில் செலவிட இரண்டு ஈயப் பேட்டரிகள், 50 முதல் 60 கிலோ வரை, வேண்டும். லித்தியத்தில் ஒன்று போதும். மேலும் லித்தியம் அரைகுறையாக நிரம்பியிருப்பதை வெறுப்பதில்லை, ஏறத்தாழ நிறையும்வரை முழு வேகத்தில் வாங்குகிறது, ஆயிரக்கணக்கான சுற்றுகள் உழைக்கிறது. ஈயத்தைக் கொன்ற அதே ஒரு மணிநேர ஓட்டம் லித்தியத்துக்கு நல்ல உணவு.

ஆனால் ஈயத்தின் மந்தத்தை நம்பிக் கட்டப்பட்ட பிற உறுப்புகளின் குறைகள் இப்போது வெளிப்பட்டன. ஈயப் பேட்டரி தானே மின்சாரத்தைக் குறைத்து வாங்கியதால் ஆல்டர்னேட்டருக்கு ஓய்வு கிடைத்துவந்தது. லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்வதால், பழைய ரிலே வழியே நேரடியாக இணைத்தால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும் அபாயம் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக வந்த புதுவகை ஆல்டர்னேட்டர்கள் எரிபொருளை மிச்சப்படுத்தத் தம் மின்னழுத்தத்தை அடிக்கடி தாழ்த்துவதும் ரிலேயைப் பயனற்றதாக்கியது. ஆகவே ரிலேயின் இடத்தில், வரும் மின்னழுத்தம் எதுவானாலும் பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு மாற்றி, ஆம்பியரையும் வரம்புக்குள் நிறுத்தும் மின்னணு மின்னேற்றி இடம்பெற்றது. வோல்ட்மீட்டரைப் பார்த்து எஞ்சிய அளவை ஊகித்த பழக்கமும் ஒழிந்தது. லித்தியத்தின் மின்னழுத்தம் கடைசிவரை ஏறத்தாழ ஒரே அளவில் நிற்பதால், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிக் கணக்கு வைக்கும் கருவி தேவைப்பட்டது. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் லித்தியம் எதிர்மின்முனையின் மேல் உலோகமாகப் படிந்து கலத்தை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பதால், கலங்களைக் காவல்செய்யும் மின்னணுப் பலகை குளிரில் மின்னேற்றத்தைத் தானே நிறுத்திவிடுகிறது. ஸ்காட்லாந்தின் குளிர்காலத்தில் பயணம் செய்வோர் பேட்டரியை வண்டியின் வெளிப்புறத்திலிருந்து சூடான உட்புறத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

வீட்டின் உள்ளமைப்பும் மெல்ல மாறுகிறது. நாளொன்றுக்கு 30 முதல் 40 ஆம்பியர்-மணி வரை உண்ணும் கம்ப்ரசர் குளிர்பதனப் பெட்டி, கூரைமேல் சூரியத் தகடு இருந்தால் பல நாள் தடையின்றி ஓடுகிறது. அதற்கு மட்டமான தரை வேண்டாம், சுடரும் வேண்டாம். இன்வெர்ட்டர் வழியே தேநீருக்கு வெந்நீர் காய்ச்சச் சில நிமிடங்கள் நூறு ஆம்பியருக்குமேல் இழுத்தாலும் லித்தியம் தாங்குகிறது. எரிவாயு உருளையே இல்லாத கேம்பர்வேன்கள் இன்று கட்டப்படுகின்றன. எப்போதும் திடலின் மின்கம்பத்தில் இணைத்துக்கொண்டு, ஆண்டில் இரண்டு வாரம் மட்டும் வெளியே செல்லும் குடும்பத்துக்கு இத்தனை மாற்றமும் வீண்செலவே. அவர்களுக்கு நல்ல ஈயப் பேட்டரி இன்றும் போதுமானது.

ஈயம் தோற்காத களம் ஒன்று உண்டு. செத்த ஈயப் பேட்டரிக்குப் பழைய இரும்புக் கடையில் விலை கிடைக்கிறது. அதை உடைத்து உருக்கி மீண்டும் பேட்டரியாக வார்க்கும் தொழில், ஈயத்தின் நச்சுத்தன்மையை அடக்கக் கடுமையான காவல் வேண்டியதாயினும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ முழுமையடைந்துள்ளது. இரும்பு பாஸ்பேட்டு வகையில் கோபால்ட்டோ நிக்கலோ இல்லாததால் பிரித்தெடுத்து விற்கத்தக்க விலையுயர்ந்த உலோகம் குறைவு. அதன் மலிவும் பாதுகாப்பும் எந்தச் சேர்க்கையால் வந்தனவோ அதே சேர்க்கை மறுசுழற்சியை இலாபமற்றதாக்குகிறது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறை, கழிவுப் பேட்டரிகளிலுள்ள லித்தியத்தில் 2027 முடிவுக்குள் 50 விழுக்காட்டையும் 2031 முடிவுக்குள் 80 விழுக்காட்டையும் மீட்டெடுக்க வேண்டுமென மறுசுழற்சி நிலையங்களுக்கு விதித்திருக்கிறது. முதல் தலைமுறைக் கேம்பர்வேன் லித்தியம் பேட்டரிகள் தம் ஆயுளை முடித்துக்கொண்டு பெருந்தொகையாக இறங்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த ஆண்டுகளிலேயே அமையும்.